கைக்கோடாலியா, வெட்டருவாவா, சின்னக் கத்தியா: ராமநாதபுரம் கடற்கரைக்கு எது சரி?

அக்கா மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். போன வாரம் வாட்ஸப்பில் மூன்று படங்கள் அனுப்பினான், கூடவே ஒரு குரல் பதிவு: “மாமா, பொங்கல் லீவுக்கு நாங்க நாலு பேரு வர்றோம். நம்ம உச்சிப்புளி தோப்புல ரெண்டு ராத்திரி டென்ட் போடலாம்னு இருக்கோம். இதுல எதை வாங்க?”

முதல் படத்தில் 7 அங்குல அலகு கொண்ட தடித்த கத்தி. முதுகு மட்டும் 5 மில்லிமீட்டர். இரண்டாவது, ஃபின்லாந்துக்காரர்களின் ஃபிஸ்கார்ஸ் கைக்கோடாலி. மூன்றாவது, வேட்டைக்கத்தி என்று பெயர் போட்டு, தோல் உரிக்க வாகாக வளைந்த முனையோடு ஒன்று. மூன்று விலையையும் கூட்டினால் பொங்கலுக்கு ஒரு கிடாக்குட்டி பிடித்துவிடலாம்.

“மாப்பிள்ளை, ரெண்டு நாள் பொறு, எதையும் வாங்கிடாதே” என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாவதை முதலில் கழித்துவிடுவோம். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை பொழுதுபோக்கு கிடையாது, குற்றம். முயல் அடித்த கதையைப் பெருமையாகச் சொல்கிற பெரிசுகள் ஊருக்கு ஊர் உண்டு. கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும். கடலிலும் கட்டுப்பாடு உண்டு. கடல் அட்டை பிடிக்க 2001-லிருந்து தடை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா, ஆகவே படகு பிடித்துப் போய்த் தீவில் அடுப்பு மூட்டலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடவும். தனுஷ்கோடியிலும் சாயங்காலத்துக்குள் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். மிச்சம் இருப்பது சொந்தத் தோப்பும் தெரிந்தவர் தோப்பும்தான். அங்கே நாம் தோல் உரிக்கப்போவது மீனுக்கு. மீனுக்கு அந்த வளைந்த முனை ஆகாது. குடலை எடுப்பதற்குள் பித்தப்பையைக் கிழித்துவிடும்.

சரி, மற்ற இரண்டுக்கு வருவோம்.

அவன் பார்க்கிற வீடியோக்கள் ஸ்வீடனிலும் கனடாவிலும் எடுத்தவை. அங்கே பனியிலும் மழையிலும் ஊறிய பைன், பிர்ச் கட்டையைப் பிளந்தால்தான் உள்ளே காய்ந்த விறகு அகப்படும். அதற்காகக் கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் ஓங்கி அடிக்கிறார்கள். 5 மில்லிமீட்டர் முதுகு அந்த அடியைத் தாங்குவதற்கு. உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை நடந்து பாருங்கள், அப்படி அடித்துப் பிளக்க வேண்டிய கட்டை எங்கே கிடக்கிறது? தென்னை, பனை, சவுக்கு, குடை விரித்தது போல் நிற்கிற உடை. மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேலம். தரையில் கிடப்பது தென்னை மட்டை, பாளை, பன்னாடை, சிரட்டை, சவுக்குச் சருகு. ஒரு கைப்பிடி பன்னாடையை உதறி, மேலே நாலு சிரட்டையைக் கவிழ்த்துப் பற்றவைத்தால் உலை கொதிக்கத் தொடங்கிவிடும். இதற்குப் பிளப்பதற்கு ஒன்றுமில்லை. ஒடிக்கவும் சீவவும் இழுத்துப் போடவும் ஏதாவது வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடலாம். எந்தக் கத்தி உலகத்திலேயே நல்லது என்பதை விட்டுவிட்டு, அந்த ரெண்டு நாளில் கை என்ன செய்யப்போகிறது என்று பார்க்கலாம். முள்ளை ஒதுக்கி இடம் பண்ண வேண்டும். கருவேலங்கம்பு நாலு வெட்ட வேண்டும். இளநீர் சீவ வேண்டும். பொங்கல் நேரம் என்பதால் பனங்கிழங்கு இருக்கும், அவித்துக் கிழிக்க வேண்டும். மீன் ஆய வேண்டும், கயிறு அறுக்க வேண்டும். டென்டுக்கு முளை அடிக்க வேண்டும் என்பான், மணலில் முளை நிற்காது. தென்னை மட்டையை முழ நீளத்துக்கு வெட்டி, நடுவில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் கிடையாகப் புதைத்தால் வாடைக்காற்றுக்கும் அசையாது. அப்போது மட்டை வெட்டவும் ஒன்று வேண்டும்.

இப்போது கோடாலி.

ஃபிஸ்கார்ஸின் சின்னக் கோடாலி சுமார் 36 சென்டிமீட்டர் நீளம், 640 கிராம் எடை. நல்ல பொருள். காம்பு மரம் இல்லை, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக். வெயிலில் காய்ந்து சுருங்காது, தலை கழன்று பறக்காது. குறை அதன்மேல் இல்லை, நம் தரைமேல்தான். கோடாலிக்கு அடியில் கெட்டியான தரையும் அதன்மேல் ஒரு அடிகட்டையும் வேண்டும். மணலில் கட்டையை நிறுத்தி ஓங்கிப் போட்டால் பாதி வேகத்தை மணல் குடித்துவிடும், கட்டை ஓர் அங்குலம் உள்ளே இறங்கும், விறகு துள்ளி ஓடும். அதைவிட மோசம், குறி தப்பினால். இந்தப் பகுதியில் மணலுக்கு அடியிலேயே பழைய பவளப்பாறைக் கல் கிடக்கிறது. நாலு வருஷம் முன்பு நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு கைக்கோடாலி (எந்தக் கம்பெனி என்பது இருக்கட்டும்) முதல் சாயங்காலமே அப்படி ஒரு கல்லில் பட்டு, வாயில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்துபோனது. அந்தப் பல்லை அரத்தால் ராவி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

கருவேலத்திலும் கோடாலி திணறும். அது ஒற்றைத் தண்டாக வளர்கிற மரம் கிடையாது. தூரிலிருந்தே ஏழெட்டுக் கம்பாகக் கிளம்பி, ஒன்றோடு ஒன்று பின்னி, எல்லாப் பக்கமும் முள்ளை நீட்டி நிற்கும். 36 சென்டிமீட்டர் கோடாலியை வைத்துக்கொண்டு அதற்குள் வெட்டப்போனால், கோடாலி மரத்தைத் தொடும் முன்பு முள் கையைத் தொட்டிருக்கும். அந்த முள் குத்தினால் சும்மா விடாது, ரெண்டு நாள் வீங்கி வலிக்கும். நம் மாவட்டத்தில் கரிமூட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் முறை புரியும். கிளை கழிப்பது அருவாவால். கோடாலி கடைசியில், தூரைப் பிளக்கும்போதுதான் வெளியே வரும். தூர் பிளக்கிற வேலை ரெண்டு நாள் முகாமில் கிடையாது.

கோடாலிக்கு மாற்று என்றால் மடக்கு ரம்பத்தைச் சொல்வேன். மணிக்கட்டு கனமான காய்ந்த கருவேலத்தை அது சத்தமில்லாமல் அறுக்கும், புதியவன் கையில் ஆபத்தும் குறைவு. தென்னை மட்டையில் மட்டும் நார் பல்லில் சுற்றிக்கொண்டு உயிரை எடுக்கும்.

வெட்டருவா எந்தக் கேம்பிங் பட்டியலிலும் வருவதில்லை. எனக்கு அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

அருவாவின் வளைவு அழகுக்கு வைத்ததில்லை. நேரான கத்தியால் பச்சைக் கம்பை வெட்டினால் கம்பு வழுக்கி முனைப்பக்கம் ஓடிவிடும். வளைவு அதைப் பிடித்து உள்ளே வாங்கிக்கொள்ளும், வெட்டு முழுசாக விழும். வெட்டிய முள்கொப்பைக் கையால் தொடாமல் கொக்கியில் மாட்டி இழுத்துப் போடலாம். கனம் முன்பக்கம் இருப்பதால் முக்கால் கிலோ அருவா கையில் ஒன்றரைக் கிலோ போல இறங்கும். இளநீர் சீவ இதை மிஞ்ச ஒன்றுமில்லை என்று நம்மாட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எல்லா அருவாவும் ஒரே அருவா கிடையாது. மதுரையிலிருந்து ராமநாதபுரம் வருகிற வழியில், மானாமதுரைக்கு முன்னால் திருப்பாச்சேத்தி. பேர்பெற்ற அருவா ஊர். சினிமா அந்தப் பெயரைக் கெடுத்துவைத்திருக்கிறது, பட்டறைக்குப் போனால் அங்கே நடப்பது விவசாயிக்கும் விறகுக்காரருக்கும் செய்கிற வேலை. நான் அந்தச் சாலையோரம் ஒரு பட்டறையில் நின்று வெட்டருவா கேட்டபோது ஆசாரி முதலில் என் கையைத்தான் பார்த்தார்.

“எதுக்கு தம்பி?”

“விறகுக்குண்ணே.”

“விறகுன்னா? கருவேலமா, தென்னை மட்டையா?”

எனக்கு அந்த வித்தியாசம் அன்றுவரை தெரியாது. ரெண்டுக்கும்தான் என்றேன். சிரித்தார். “கருவேலத்துக்குன்னா முதுகு கனமா இருக்கணும், இல்லேன்னா வாய் பெயர்ந்துரும். மட்டைக்கு மெல்லிசா இருந்தாத்தான் கடிக்கும். ரெண்டுக்கும்னா நடுவுல ஒண்ணு அடிக்கலாம், ரெண்டையும் சுமாராத்தான் வெட்டும். பரவாயில்லையா?” பரவாயில்லை என்று அதைத்தான் வாங்கினேன். இன்றுவரை சுமாராகத்தான் வெட்டுகிறது, ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பட்டறையில் லாரிப்பட்டையை, அதாவது பழைய லீஃப் ஸ்பிரிங்கை, காய்ச்சி அடிக்கிறார்கள். அந்த எஃகில் கார்பன் சுமார் 0.6 சதவீதம். தோய்ச்சல், அதாவது காய்ச்சியதைச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்துவது, சரியாக விழும், அடி பட்டால் ஒடியாமல் வளைந்து கொடுக்கும். திருவிழாக் கடையில் தொங்குகிற பளபள அருவாக்களில் பல வெறும் இரும்புப்பட்டை. தோய்ச்சலே ஏறாது, கருவேலத்தில் நாலு போடு போட்டால் வாய் மடங்கிவிடும். சோதிக்க வழி இருக்கிறது. சின்ன அரம் ஒன்றை எடுத்துப்போய் வாயில் லேசாக ஓட்டிப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது போல அரம் இறங்கினால் வேண்டாம். கண்ணாடியில் ஓட்டியது போல வழுக்கினாலும் வேண்டாம், பதம் இறக்காமல் விட்டது அது, கல்லில் பட்டால் தெறிக்கும். கொஞ்சம் முரண்டு பிடித்து, ஆனால் கடித்தால், அதுதான் சரி. அப்புறம் முதுகில் விரலால் சுண்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் உடைந்து வந்தால் தோய்ச்சலில் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது.

தீட்டுவதற்கும் அந்த அரமே போதும். சாயல்குடிப் பக்கம் பனை ஏறுகிறவர்கள் பாளை சீவ வைத்திருக்கும் அருவா வேறு ஜாதி, சவரக்கத்தி போல இருக்க வேண்டும். அதற்குத் தீட்டுப்பலகை, கல்பொடி என்று தனி வழிமுறையே உண்டு, இடுப்பில் அருவாப்பெட்டியும் உண்டு. அந்த மெல்லிய அருவாவைப் பார்த்து மயங்கி விறகுக்கு வாங்கிவிட வேண்டாம். என் சித்தப்பா ஒருமுறை செய்தார், முதல் கம்பிலேயே வாய் போனது.

அருவாவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தரையோடு ஒட்டி வெட்டினால் கொக்கி முனை முதலில் மண்ணில் இறங்கும், அதனால் ஒரு சாண் மேலேதான் வெட்டு விழ வேண்டும். நுணுக்க வேலை எதுவும் ஆகாது. நகர்ப்புறத்துக் கைக்கு முதல் அரைமணி நேரம் ஆபத்தானதும்கூட. கம்பில் பட்டு வழுக்கினால் அது நேரே கணுக்காலுக்குத்தான் வரும். வெட்டும்போது காலை முன்னால் வைக்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும், மற்ற மூன்று பேரும் ரெண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி, தள்ளி நிற்க வேண்டும். செருப்போடு வெட்டினால் நான் கையிலிருந்து வாங்கிவைத்துவிடுவேன், இது மாப்பிள்ளைக்கு.

துரு பிடிக்குமா? பிடிக்கும். அதில் குரோமியம் ஒரு சதவீதம்கூட இருக்காது. துரு என்றதும் சின்னக் கத்திக்கு வந்துவிடுகிறோம், அங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது.

உப்புக்காற்று வெறும் ஈரக்காற்றைவிடப் பொல்லாதது. காற்றில் வந்து கத்தியில் ஒட்டுகிற உப்புப்பொடி, ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். ஜனவரியில் வடகடல், அதாவது பாக் விரிகுடா, கரையில் ராத்திரிப் பனிக்கு அந்த அளவு சர்வசாதாரணம். அதாவது, நீங்கள் கத்தியைத் துடைத்துக் காயவைத்துவிட்டுப் படுத்தாலும், நடுராத்திரியில் அது தன் மேல் உப்புநீர் ஊற்றிக்கொள்ளும். கார்பன் எஃகுக் கத்தி ஒன்றை மீன் ஆய்ந்துவிட்டுக் கடல் தண்ணீரிலேயே கழுவித் தோலுறைக்குள் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். காலையில் உருவியபோது குங்குமம் பூசியது போல வந்தது. தோலுறைதான் பெரிய குற்றவாளி, உப்பையும் ஈரத்தையும் அது விடுவதில்லை. அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறை பார்க்க ஏழையாக இருந்தாலும் கடற்கரைக்கு அதுதான்.

ஸ்வீடனின் மோரா கம்பெனி தன் கம்பேனியன் கத்தியைக் கார்பன் எஃகிலும் தருகிறது, ஸ்டெயின்லெஸிலும் தருகிறது. அலகு 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஸ்டெயின்லெஸ் கத்தியின் தடிமன் 2.5 மில்லிமீட்டர். தேர்ந்த கைகள் பலருக்குக் கார்பன்தான் பிடிக்கும், சீக்கிரம் தீட்டலாம், கூர் நுணுக்கமாக வரும். மலைக்காட்டுக்குப் போகிறவனாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். கடற்கரைக்கு ஸ்டெயின்லெஸ். அதன் எஃகில் குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல், மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போர்த்திக் காக்கும். ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தையும் ஊசி குத்தியது போல் அங்கங்கே துளைக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று நாம் தமிழில் கொஞ்சம் தாராளமாகப் பேர் வைத்துவிட்டோம். இதற்கும் ராத்திரி ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். கழுவாமல் எண்ணெய் தடவினால் உப்பைப் பூட்டி உள்ளே வைத்த மாதிரி ஆகும். அருவாவுக்கும் இதே சிகிச்சை.

உப்பில் கிடந்தாலும் அசையாத கத்தி இல்லையா என்றால், இருக்கிறது. கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் சேர்த்த எஃகில் ஸ்பைடர்கோ கம்பெனி சால்ட் என்று ஒரு வரிசையே வைத்திருக்கிறது. தினமும் கடலில் இறங்கி முக்குளிக்கிறவருக்கு அது நியாயம். ரெண்டு ராத்திரிக்கு வேண்டாம்.

மடக்குக் கத்தி? ஒப்பினலும் விக்டோரினாக்ஸும் என்னிடம் உண்டு, ரெண்டும் வீட்டில் பழம் நறுக்குகின்றன. மணல் கீலுக்குள் போனால் திறக்கும்போதெல்லாம் கரகரவென்று பல்லைக் கூசவைக்கும். ஒப்பினலின் பீச் மரப்பிடி ஈரத்தில் ஊதி, அலகை இறுக்கிக்கொள்ளும். மீன் செதிலும் சாறும் கீலுக்குள் போய்விட்டால் ரெண்டாம் நாள் நாற்றத்துக்குப் பூனை பின்னாலேயே வரும்.

மீனுக்கு ஏன் மெல்லிசு வேண்டும் என்பதை ஒரு நகரையை எடுத்துக் காட்டிவிடலாம். உள்ளங்கை நீள மீன். 5 மில்லிமீட்டர் முதுகுள்ள கத்தியால் அதை வகிர்ந்தால் சதை ஆப்பு வைத்தது போலப் பிளந்து நசுங்கும். 2.5 மில்லிமீட்டர் கத்தி முள்ளை ஒட்டி ஓடும். காரலுக்கு அதுகூடத் தேவையில்லை, விரல் போதும். ஊளி, பாறை போன்ற பெரிய மீனை வாங்கினால் கரையிலேயே வெட்டித்தரச் சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். அருவாமனையில் உட்கார்ந்து அவர்கள் ரெண்டு நிமிஷத்தில் முடிப்பதை நாம் அரைமணி நேரம் செய்து, பாதிச் சதையை நாய்க்குப் போட வேண்டாம்.

எடுத்துவருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலுக்குள் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் கார் சீட்டுக்கு அடியில் செருகிய அருவாவைச் சோதனைச்சாவடியில் எடுத்துவைத்துக்கொண்டு, நாலு வாலிபர்கள் இது விவசாயக் கருவி என்று விளக்குவது சிரமம். 2021-ல் காவல்துறை, வாங்குகிறவர் விவரத்தைப் பட்டறைகள் எழுதிவைக்க வேண்டும் என்று சொன்னது. நோட்டு நீட்டினால் முகம் சுளிக்காமல் பெயரும் முகவரியும் எழுதுவதே மரியாதை. விமானத்தில் எதையும் கைப்பையில் வைக்க முடியாது, சின்னக் கத்தி உட்பட.

வெட்டுவதிலும் வரம்பு உண்டு. கரையோரச் சவுக்குத் தோப்பு பல இடங்களில் வனத்துறையுடையது, தொடக் கூடாது. பனையை வெட்டிச் சாய்க்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது. கீழே விழுந்த மட்டையும் ஓலையும் போதும், கருக்கில் கை கிழியாமல் பார்த்து எடுத்தால் சரி. சீமைக்கருவேலத்தை வெட்டினால் தோப்புக்காரர் சந்தோஷப்படுவார், டீயும் கிடைக்கலாம்.

மாப்பிள்ளைக்கு நான் அனுப்பிய பதில் இதைவிடச் சின்னது. ஸ்டெயின்லெஸ் சின்னக் கத்தி ஒன்று, பிளாஸ்டிக் உறையோடு, அதை மட்டும் வாங்கு. அருவா தோப்பிலேயே இருக்கிறது, அரமும் இருக்கிறது. ஒரு ஜோடித் தோல் கையுறையும் மூடிய ஷூவும் எடுத்து வா. மிச்சப் பணத்துக்கு மீன் வாங்குவோம்.

ஒரு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: “எல்லாம் சரி மாமா. ஆனா கோடாலி ஒண்ணு போட்டோவுக்காவது வேணும்.”

போட்டோவுக்கு என்றால் அப்பாவுடைய பழைய கோடாலி கொட்டகையில் சாத்திக் கிடக்கிறது. காம்பு காய்ந்து தலை ஆடுகிறது. வருவதற்கு முந்தின ராத்திரி ஒரு வாளித் தண்ணீரில் தலைகீழாக ஊறப்போட்டால் மரம் ஊதி ஒரு நாளைக்குத் தலையை இறுக்கிப் பிடிக்கும். மறுநாள் வெயிலில் காய்ந்தால் முன்னைவிட அதிகமாக ஆடும், அதனால் போட்டோவைக் காலையிலேயே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.